படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கு அரசு வரும்போது: எங்கள் அனுபவங்கள்

உசிலம்பட்டி வட்டாரம், மருமகள்

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டையும், சிறுநீர்க் குழாயையும், "திருப்பித் திருப்பிப் படுக்க வையுங்கள்" என்ற ஒரு வரியையும்தான் கொடுத்தார்கள். எப்படித் திருப்புவது? அவர் ஓங்குதாங்கான மனிதர். நான் மெலிந்தவள். கொஞ்ச நாளில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, உரிந்து, புண் வைத்துவிட்டது.

வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். மாமியாருக்கு மாத்திரை கொண்டுவந்த தன்னார்வலர் பெண் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு, அவராகவே போய் எங்கள் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். அதன் பிறகுதான் நர்ஸ் வண்டியில் வந்து இறங்கினார். படுக்கையில் கிடப்பவர்களின் ஆதரவு சிகிச்சைக்கு வட்டாரத்துக்கு ஒரு செவிலியரும், பிசியோதெரபிக்கு இன்னொருவரும் இருக்கிறார்கள் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

வந்ததும் அந்த சிஸ்டர் கேட்டது ஒரு பழைய நூல் சேலை. அதை நான்காக மடித்தார். மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்தார். "அக்கா, இனிமேல் ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் சேலையைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். இழுக்க இழுக்கத்தான் தோல் பிய்கிறது" என்றார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. புண்ணைக் கழுவிவிட்டு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவினார். சில நாட்களில் வாடை அடங்கியது. அந்த வாடைக்குப் பயந்து வாசலோடு நின்ற பேரப்பிள்ளைகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தார்கள். மாமாவின் முகத்தில் தெளிவு வந்ததே அதற்குப் பிறகுதான்.

இந்தத் திட்டத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிஸ்டருக்கு வட்டாரம் முழுவதும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர் வந்து போன பிறகு மலம் துடைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடு இரவில் எழுந்து திருப்பிப் போடுவது எல்லாம் வீட்டுப் பெண்ணின் தலையில்தான். நூறு நாள் வேலைக்குப் போவதை நான் விட்டுவிட்டேன். காலையில் ஒரு மணி நேரம் யாராவது வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனால் போதும் என்றுதான் தினமும் தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் எப்படி?

விருத்தாசலம் பக்கம், மகன்

என் தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு லிட்டர் திரவப் பையைத் தொங்கவிட்டு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு அடுத்த பை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. பைகள் இதே திட்டத்தில் இலவசமாக வீட்டுக்கே வருகின்றன. அதற்கு முன் மருத்துவமனையில் ஊசி வழி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோது வாரத்தில் பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும். திரும்பி வந்தால் அப்பா சுருண்டு படுத்துவிடுவார். இப்போது மாலையில் டீக்கடை வரை நடந்து போகிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், முகக்கவசம் போடுங்கள், கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வடிந்து வரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

அக்கா கேட்டதற்குப் பதில்: எங்கள் வீட்டிலும் அம்மாதான். பகலில் நான் வேலைக்குப் போனால் எல்லாப் பையையும் மாற்றுவது அவர்தான். ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போக முடிவதில்லை.

தருமபுரி மாவட்டம், தன்னார்வலர்

நான் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இந்த வேலைக்கு வந்தவள். மேலே ஒருவர் சொன்ன மாத்திரை கொண்டுவரும் பெண்களில் ஒருத்தி. எங்களுக்குத் தருவது ஊக்கத்தொகை, சம்பளமாக மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் போகும் ஒரு வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் திருப்பூரில். முதலில் எல்லாம் ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. ஒருநாள் அரிசிப் பானையை நகர்த்தியபோது, அதற்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் இருந்தன. "சாப்பிட்டால் தலை சுற்றுகிறது கண்ணு, விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்?" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்தைக் குறைத்து மாற்றிக் கொடுத்தார். நோட்டில் மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று எழுதிவிட்டுத் திரும்பியிருந்தால் அந்தப் பாட்டி பக்கவாதத்தில் விழுந்திருப்பார். உட்கார்ந்து பேச நேரம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தபோது எங்களுக்கு எல்லாம் பெருமைதான். படியேறி வீடு வீடாகப் போகிறவர்களின் கூலியும் அதோடு உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்காபரோ, கனடா, பேத்தி

உசிலம்பட்டி அக்கா கேட்ட அந்த ஒரு மணி நேரம் இங்கே கிடைக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் செலவில் என் அம்மம்மாவுக்குக் காலையில் ஒரு பராமரிப்புப் பணியாளர் வந்து குளிக்க வார்த்து, உடை மாற்றிவிட்டுப் போகிறார். நாங்கள் காசு கட்டுவதில்லை. முதலில் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்து அம்மம்மாவால் எழும்ப முடிகிறதா, தானாகக் கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்று எல்லாம் கேட்டு, எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்தார்.

குறை என்னவென்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர், அந்நியர் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டார். புதிய ஆள் வந்தால் அன்றைக்குக் குளிப்பு இல்லை. தமிழ் பேசும் ஒரு பிள்ளை தொடர்ந்து வந்த காலத்தில் "வாங்கோ அம்மா, தண்ணி இளஞ்சூடா இருக்கு" என்று அவர் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். பிறகு அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டு எழுதியும் பலன் இல்லை. சனி, ஞாயிறுகளில் சில வேளை ஒருவருமே வருவதில்லை, அறிவிப்பும் இல்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு சேவை தொடங்கினால், ஒரே ஆள் வர வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள்.

நெய்வேலி, தம்பி

உசிலம்பட்டி அக்காவுக்கு: மாமாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? பாதிப்பு 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். என் அண்ணனை அந்தச் சான்று தரும் மருத்துவ முகாமுக்குக் காரில் ஏற்றிப் போய் இறக்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. நடக்க முடியாதவரை நேரில் வரச் சொல்லும் இந்த வழக்கம் முதலில் மாற வேண்டும். போகும்போது மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கையின் நகலைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் ஒருமுறை எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

ரேஷன் கடையிலும் சொல்லி வையுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரிசி, பருப்பு வீட்டுக்கே வருகிறது. உங்கள் அட்டை அதற்குத் தகுதியா என்று கடையிலேயே பார்த்துச் சொல்வார்கள். முதியோர் உதவி எண் 14567. நாங்கள் கூப்பிட்டபோது எந்த அலுவலகத்துக்கு எந்த மனு என்று பொறுமையாகச் சொன்னார்கள். மாமாவின் ஆதார், ரேஷன் அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.