பறக்கும் கனவை மேடையில் காட்ட: கயிறா, திரையா?

அரங்காடி கேட்டது:
மனிதனின் பறக்கும் ஆசையை வைத்து ஒரு சோதனை நாடகம் செய்துகொண்டிருக்கிறோம். ஒரே நடிகர், ஒரு வயலின், பின்னால் மேடை அகலத்துக்குத் திரை. கிரேக்கக் கதையில் மெழுகுச் சிறகோடு பறந்து விழுந்த இகாரஸ், லியொனார்டோவின் சிறகு வரைபடங்கள், 1783-இல் பாரிஸில் ஏறிய பலூன், ரைட் சகோதரர்கள் என்று வீடியோ ஓடும். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரையையே பார்க்கிறார்கள், நடிகர் காணாமல் போய்விடுகிறார். அவரைக் கயிற்றில் தூக்கிப் பறக்கவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிக்காரன்:
நாடகங்களுக்கு ஒளியும் ப்ரொஜெக்‌ஷனும் செய்பவன் நான். கயிறு வேண்டாம். கி.மு. 421-லேயே கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் தன் நாயகனைச் சாணவண்டு மேல் ஏற்றிக் கிரேனில் தூக்கிவிட்டார். நடுவானில் அந்த ஆள் கிரேன் இயக்குபவரிடமே, பார்த்து இயக்கு என்று கெஞ்சுவான். கிரேன் கண்ணுக்குத் தெரிவதுதான் அங்கே சிரிப்பு. உங்கள் நாடகத்திலோ, ஆள் எழும்பியதும் பார்ப்பவர்கள் கொக்கி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சிக்கல் திரையில் இருக்கிறது. அது ரொம்பச் சுலபமாகப் பறக்கிறது. மேகம், மேலிருந்து எடுத்த காட்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பறக்க முடியாதவர்களுக்குத் திரையைக் கொடுங்கள். 1912 பிப்ரவரி 4 அன்று, தையல்காரர் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் தானே தைத்த பாராசூட் உடையோடு ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் நிற்கும் படச்சுருள் இருக்கிறது. கைப்பிடியில் ஒரு கால். முன்னே சாய்வார், நிமிர்வார், கீழே பார்ப்பார், மறுபடி சாய்வார். அந்தத் தயக்கம் மட்டும் போதும். அவர் விழுந்து இறப்பதைத் தயவுசெய்து காட்டாதீர்கள். அதே நேரத்தில் உங்கள் நடிகர் ஒரு நாற்காலியில் ஏறி நிற்கட்டும். எல்லார் கண்ணும் அவர் கால் மீது வந்துவிடும்.

உடல்மொழி:
ரைஷெல்ட் சரி, ஆனால் தோற்றவர்கள் மட்டுமே என்றால் கனவின் சந்தோஷம் போய்விடும். 1882-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே துப்பாக்கி வடிவக் கேமராவால் நொடிக்கு 12 படமாகப் பறவைகளை எடுத்தார். அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, நடிகர் அந்தச் சிறகு நிலையைத் தன் கைகளில் பிடிக்கட்டும். புறாவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மார்புத் தசை. நமக்கு அது இல்லை. சற்று நேரத்தில் தோள் நடுங்கத் தொடங்கும், அதை மறைக்க வேண்டாம்.

அரங்காடி:
நடுக்கம் பின்வரிசைக்குத் தெரியுமா? ப்ரொஜெக்டர் வெளிச்சம் வேறு அவர் முகத்திலேயே விழுகிறது.

ஒளிக்காரன்:
தெரியும். முன்விளக்கை அணைத்துவிட்டு, விங்ஸில், அதாவது மேடையின் பக்க மறைவில், தோள் உயரத்துக்கு ஒரு விளக்கு வையுங்கள். பக்கவாட்டு ஒளியில் தசை அசைவது நன்றாகத் தெரியும். ப்ரொஜெக்டரை உயர ஏற்றி, நடிகரைத் திரையிலிருந்து நன்றாக முன்னே கொண்டுவாருங்கள். படம் அவர் தலைக்கு மேலாகப் போய்விடும். மாரே யோசனையும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ரைஷெல்டுக்கு முன்னால் வையுங்கள்.

அப்புறம், 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 நொடி, 120 அடி. அதற்குப் படமே வேண்டாம். திரையை அணைத்து, அந்த 12 நொடியும் வயலினுக்கு விடுங்கள். வெறும் கறுப்புப் படம் ஓட்டினால் திரை சாம்பலாக மினுங்கும், அதனால் லென்ஸுக்கு முன்னால் ஒளியை மறைக்கும் ஷட்டர் போட்டுவிடுங்கள்.