அம்மாவின் யூரிக் ஆசிட் சொன்னது வேறு கதை

அம்மாவுக்கு ஸ்க்ளீரோடெர்மா, அதாவது தோல் இறுகும் நோய், என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து, அப்புறம் நீலமாகும். கன்னத்தில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றான சென்ட்ரோமியர் ஆன்டிபாடி பாசிட்டிவ். தோல் இறுக்கம் விரல்களோடு நின்றுவிட்டதால் லேசான வகைதான் என்று நிம்மதியாக இருந்தோம். நுரையீரல் ரத்தக்குழாயில் உயர் அழுத்தம் இந்த வகைக்காரர்களுக்கும் பல வருடம் கழித்து, சத்தமே இல்லாமல் வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

போன வருடம் துணி காயப்போட மாடி ஏறும்போது பாதிப் படியில் நிற்க ஆரம்பித்தார். வயசு, எடை, ரத்தசோகை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 7.4. "மூட்டு வலிக்கு இதுதான் காரணம்" என்றதும் பருப்பு, கீரை எல்லாம் நிறுத்தம். இரண்டு மாதம் ரசம் சாதம்.

வாதநோய் மருத்துவர் அதே காகிதத்தைப் பார்த்துவிட்டு, "படி ஏறினால் மூச்சு வாங்குதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். இதயத்தின் வலது பக்கம் திணறும்போதும் யூரிக் ஆசிட் ஏறுமாம். அந்த நுரையீரல் அழுத்தம் யாருக்கு இருக்கலாம் என்று சலித்தெடுக்க 2014இல் வெளியான டிடெக்ட் என்ற கணக்கை எடுத்துப் போட்டார். ஸ்க்ளீரோடெர்மா வந்து மூன்று வருடம் தாண்டி, டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு சேரும் அளவு) 60 சதவீதத்துக்குக் கீழே போனவர்களுக்கானது அது. ரத்தத்தில் யூரிக் ஆசிட், என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் திணறும்போது ஏறும் பொருள்), அந்த ஆன்டிபாடி. இவற்றோடு மூச்சுப் பரிசோதனை, ஈசிஜி, முகத்துச் சிவப்புப் புள்ளிகள்கூட மார்க் வாங்கும். மொத்தம் கோட்டைத் தாண்டினால் எக்கோ என்ற இதய ஸ்கேன். அதையும் சேர்த்துத் தாண்டினால் கதீட்டர், அதாவது இதயம் வரை மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை நேரடியாக அளப்பது. எந்த ஒரு எண்ணும் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

அம்மாவுக்கு என்டி-ப்ரோபிஎன்பி 486. மூச்சுக் கொள்ளளவு 88 சதவீதம், டிஎல்சிஓ வெறும் 48. காற்று உள்ளே போகிறது, ரத்தத்தில் சரியாகச் சேரவில்லை. எக்கோவில் 'லேசான அழுத்தம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அதோடு வீட்டுக்கு வந்திருப்போம், மருத்துவர் விடவில்லை. கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் போட்டார்கள், அம்மா முழித்தபடியே படுத்திருந்தார். நுரையீரல் ரத்தக்குழாயின் சராசரி அழுத்தம் 29. பழைய எல்லை 25. 2018இல் நிபுணர்கள் அதை 20 ஆக்கினார்களாம். மாத்திரை தொடங்கி நான்கு மாதத்தில் என்டி-ப்ரோபிஎன்பி 240. 300க்குள் வைத்திருப்பதுதான் இலக்கு என்கிறார்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

குளிர்விரல்: நான் பட்ட பாடு வேறு. ஒரு லேபில் 90, ஆறு மாதம் கழித்து இன்னொரு லேபில் 410. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் மருத்துவர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: முதலில் எடுத்தது பிஎன்பி, அடுத்தது என்டி-ப்ரோபிஎன்பி. இரண்டும் வேறு வேறு டெஸ்ட், இரண்டாவதன் எண் இயல்பாகவே பல மடங்கு பெரிசு. அதிலிருந்து ஒரே லேப், ஒரே டெஸ்ட்.

தாமிரபரணிக்காரன்: என் அக்காவுக்கு என்டி-ப்ரோபிஎன்பி 900 தாண்டியது. கதீட்டர் போட்டுப் பார்த்தால் அழுத்தம் சரியாகவே இருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இது ஏறும் என்று பிறகுதான் புரிந்தது, கிரியாட்டினினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

மல்லி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். டோஸ் அதிகமென்றால் சில இயந்திரங்களில் என்டி-ப்ரோபிஎன்பி அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். நான் சொல்லவில்லை, ஒரு தரம் மறுபடியும் ஊசி குத்திக்கொண்டேன். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது, இரண்டு முறை பட்டினியாகப் போயிருக்கிறேன்.

குளிர்விரல்: அம்மாவுக்குப் பருப்பு திரும்ப ஆரம்பித்தாச்சா?

ஆச்சு. நேற்று முருங்கைக்கீரைக் கூட்டு, அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாடிப்படியில் இன்னும் ஒரு தடவை நிற்கத்தான் செய்கிறார். முன்பு மூன்று தடவை.