வாரண்டி இருந்தும் ‘தண்ணீர் பட்டிருக்கிறது’ என்கிறார்கள்

நெல்லைவாசி: பையனுக்கு வாங்கிய கையடக்க கேம் கன்சோல். இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், உள்ளே ஸ்டிக்கர் சிவந்திருக்கிறதாம், வாரண்டி கிடையாதாம். அவன் கிணற்றடிப் பக்கம்கூட அதைக் கொண்டுபோனதில்லை! என்ன செய்யலாம்?

கடைக்காரன்: ஈரம் பட்டால் அந்த ஸ்டிக்கர் நிறம் மாறும். ஆனால் சார்ஜ் ஏறாததற்கு அதுதான் காரணமா என்று ஸ்டிக்கர் சொல்லாது. மறுத்த காரணத்தை ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச்சீட்டு) எழுதி வாங்குங்கள், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் போட்டோவும் கேளுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

கோவை அக்கா: எழுதித் தர இழுத்தடித்தால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

நெல்லைவாசி: நன்றி அக்கா. பில் இருக்கிறது, அட்டைப்பெட்டிதான் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

கடைக்காரன்: பெட்டி போனால் போகட்டும். பில்லும் சீரியல் நம்பரும்தான் முக்கியம்.