கிட்னிக்கு மருந்து ட்ரையலில இருந்த ஆக்கள் இருக்கிறியளோ? என்ர கதை இது (டைப் வன்)

ஸ்காபரோ அண்ணை:
எனக்கு சின்ன வயசிலயே வந்த டைப் வன் சீனி வருத்தம், இன்சுலின் இல்லாம ஒரு நாளும் இல்லை. சலத்தில புரதம் போகுது, கிட்னி வடிகட்டுறது குறையுது எண்டு சொல்லேக்க, இஞ்ச ரொறொன்ரோவில பெர்ல் எண்டொரு ட்ரையல் நடக்குது, சேருறியளோ எண்டு கேட்டவை. புது மருந்தில்லை, கவுட் வாத வருத்தத்துக்கு, இரத்தத்தில யூரிக் அசிட் எண்ட கழிவைக் குறைக்கக் குடுக்கிற அலோபியூரினோல் குளிசைதான். யூரிக் அசிட் கூடின டைப் வன் ஆக்களுக்கு கிட்னி கெதியாப் பழுதாகுது எண்டு முதலே கண்டுபிடிச்சவை, அப்ப அதைக் குறைச்சா கிட்னி தப்புமோ எண்டுதான் பாத்தவை. அமெரிக்கா, கனடா, டென்மார்க் எல்லாம் சேத்து 530 பேர், பாதிப் பேருக்கு குளிசை, மிச்சப் பேருக்கு மருந்தில்லாத டம்மிக் குளிசை, ஆருக்கு எது எண்டு டொக்டருக்கே தெரியாது. சேக்க முதல் ஒரு ஜீன் இருக்கோ எண்டு டெஸ்ட், அந்த ஜீன் இருக்கிற ஆக்களுக்கு இந்தக் குளிசையால தோலெல்லாம் உரிஞ்சு உயிருக்கே ஆபத்து வரலாமாம்.

மினக்கெட்ட வேலை எண்டா ஐயோஹெக்சோல் டெஸ்ட்தான். அந்த மருந்தை நரம்பில ஏத்திப்போட்டு மணித்தியாலக் கணக்கா இருத்தி வைச்சு திருப்பித் திருப்பி இரத்தம் எடுப்பினம், அது எவ்வளவு கெதியா இரத்தத்தில இருந்து இறங்குது எண்டதை வைச்சு கிட்னி எவ்வளவு வேலை செய்யுதெண்டு சொல்லுவினம், இரத்தத்தில இருக்கிற கிரியேட்டினின் எண்ட கழிவை வைச்சுப் போடுற வழமையான கணக்கை விட இது திறம். சீனி இறங்கினாலும் எண்டு பையில ஜூஸ் பெட்டி இல்லாமல் போறேல்லை.

3 வருசம் குளிசை, பிறகு 2 மாசம் ஒண்டுமில்லாம விட்டிட்டு கடைசி டெஸ்ட். 2020இல முடிவு வந்தது. யூரிக் அசிட் 6.1இல இருந்து 3.9க்கு வடிவா இறங்கியிருக்கு, ஆனா கிட்னி வடிகட்டுற அளவு குளிசை எடுத்த ஆக்களுக்கும் டம்மி எடுத்த ஆக்களுக்கும் ஒரே 61 சொச்சம்! மனிசி கேக்கிறா, உதுக்கோ இவ்வளவு காலம் ஓடினீங்கள் எண்டு. எனக்கெண்டா கவலையில்லை, கவுட் இல்லாத ஆக்களுக்கும் கிட்னிக்கு நல்லமெண்டு இதை எழுதிக் குடுத்த டொக்டர்மார் இருந்தவை, இனி அந்தத் தேவையில்லாத குளிசை மிச்சம்.

மதுரைக்காரி:
அண்ணா நான் ட்ரையல்லாம் போனதில்ல, எனக்கு கிட்னியக் காப்பாத்த ராமிப்ரில்னு பிரஷர் மாத்திரை குடுத்தாங்க, ராத்திரி பூரா வறட்டு இருமல், வீட்ல யாரும் தூங்கல, அப்புறம் லோசார்டனுக்கு மாத்தினாங்க சரியாயிடுச்சு. இந்த ராமிப்ரில் வகைக்கு டைப் ஒன்ல பெரிய ஆதாரமே 1993ல வந்த காப்டோப்ரில் ட்ரையல்தானாம், 409 பேர்ல கிரியேட்டினின் டபுள் ஆனவங்க டம்மி பக்கம் 43, மருந்து பக்கம் 25. அதோட நம்மள மறந்துட்டாங்க போல, டைப் டூக்காரங்களுக்கு கிட்னிக்கு டாபாக்ளிஃப்ளோசின் அது இதுன்னு மாத்திரை வருது, நமக்கு கேட்டா ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி ஆபத்தாயிடும்னு கையை விரிக்கிறாங்க. ஃபினெரினோன்னு ஒரு கிட்னி மருந்து சொல்றாங்களே, அதப் பத்தி ஏதாச்சும் தெரியுமாண்ணா?

ஸ்காபரோ அண்ணை:
ஓம் தங்கச்சி, ஃபைன்-வன் எண்ட ட்ரையல், டைப் வன் ஆக்கள் 242 பேர், 6 மாசம். சலத்தில போற அல்புமின் எண்ட புரதம் டம்மியை விட 25% குறைஞ்சிருக்கு. ஆனா 6 மாசத்தில டயாலிசிஸ் தள்ளிப்போகுமோ எண்டெல்லாம் பாக்கேலாது, அதையும் யோசியுங்கோ. பொட்டாசியமும் ஏறும், நீங்கள் லோசார்டனும் எடுக்கிறபடியால் டொக்டரிட்ட அதை முதல் கேளுங்கோ.