குளிரில் இறுகும் கியர்: எண்ணெய் மாற்றினால் சரியாகுமா?

ஊட்டியில் இருக்கிறேன். ஐந்து கியர் உள்ள பழைய பெட்ரோல் கார். டிசம்பர், ஜனவரி காலைகளில் வண்டியை எடுத்தால், ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது லீவர் பாதி வழியில் முட்டி நிற்கிறது. அழுத்திப் பிடித்தால்தான் விழும். எஞ்சின் சூடேறினாலும் போதவில்லை. சில கிலோமீட்டர் ஓடி கியர்பாக்ஸும் சூடான பிறகுதான் இலகுவாகிறது. கல்லட்டி மாதிரியான இறக்கத்தில் இரண்டாவது கியர் கை கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

கிளட்ச் முழுதாக விடுபடவில்லையோ என்று பார்த்தேன். ரிவர்ஸ் போடும்போது கரகர சத்தம் இல்லை, எனவே அது காரணமாகத் தெரியவில்லை. சந்தேகம் எண்ணெய் மேல்தான். கையேட்டில் கியர் எண்ணெய் 75டபிள்யூ-80 (தடிமன் அளவு), ஜிஎல்-4 (தர வகை) என்று இருக்கிறது. கடைசி சர்வீஸில் அதைவிடத் தடித்த 80டபிள்யூ-90 ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் தடித்திருந்தால் சின்க்ரோனைசர் வளையம் (கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையம்) எண்ணெய்ப் படலத்தை விலக்கி, கியரின் கூம்பு வடிவப் பரப்பைப் பிடிக்க நேரமாகும் அல்லவா?

கடையில் ஜிஎல்-5 தருகிறேன் என்கிறார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும் என்பதால் வேண்டாம் என்றிருக்கிறேன். சரிதானே?

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: மெல்லிய எண்ணெய்க்கு மாறியதும் காலை இறுக்கம் போனதா? அல்லது கியர் கேபிளில் கிரீஸ் காய்ந்திருக்குமா? கேபிளைக் கழற்றாமலே அதைச் சோதிக்க வழி உண்டா? அப்புறம், கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் முன் வேறு எதைப் பார்க்கலாம்?