தரமணி பக்கம் தங்க இடம் வேண்டும், கூடவே ஒரு ஃபான்ட் சந்தேகம்

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து வந்து, தரமணியில் டிசைனராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அம்பத்தூரில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரயில் பிடிக்க வேண்டும். நேற்றுக் கூட்டத்தில் டப்பா நசுங்கி, புளியோதரை எண்ணெய் முழுக்க ஸ்கெட்ச் நோட்டில் இறங்கிவிட்டது!

தரமணி, வேளச்சேரி பக்கம் நல்ல பெண்கள் விடுதி தெரியுமா? சாப்பாட்டோடு 9,000 ரூபாய்க்குள்தான் என்னால் முடியும். தனி வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், அது நமக்கு ஆகாது.

அப்புறம், வாடிக்கையாளர்கள் வாசகங்களைப் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அனுப்புகிறார்கள். டிசைன் செய்யும் ஃபிக்மா மென்பொருளில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. பிழையில்லாமல் யூனிகோடுக்கு மாற்ற எதைப் பயன்படுத்துகிறீர்கள்? வெள்ளிக்கிழமை ஒரு போஸ்டர் அச்சுக்குப் போகிறது, கொஞ்சம் அவசரம்.