பின்பக்க இண்டிகேட்டர் அமெரிக்காவில் மட்டும் ஏன் சிவப்பாகவும் இருக்கிறது?

கேள்வி: ஓஹையோ புதியவர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பதினொரு ஆண்டுகள் கார் ஓட்டிவிட்டு, வேலை மாற்றத்தால் சென்ற ஆண்டு குடும்பத்துடன் ஓஹையோ மாநிலத்துக்கு வந்து சேர்ந்தேன். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு என்ன சொல்கிறது என்பதை ஒரே பார்வையில் புரிந்துகொள்வது மட்டும் இன்னும் கைவரவில்லை.

சென்ற வாரம் மாலைத் தூறலில், மூன்று தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையில் இடது தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். நடுத் தடத்தில் ஒரு வேன், அதற்கு முன்னால் ஒரு பிக்கப். வேன் மறைத்துக்கொண்டதால் பிக்கப்பின் இடது பின்விளக்கு மட்டுமே எனக்குத் தெரிந்தது. அது சிவப்பாக எரிந்தது. பிரேக் பிடிக்கிறார், தம் தடத்திலேயே வேகத்தைக் குறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு நான் என் வேகத்தில் போனேன். விளக்கு அணைந்து மறுபடி எரிந்தபோது அவருடைய முன்சக்கரம் கோட்டைத் தாண்டி என் தடத்துக்குள் வந்துவிட்டது. நல்லவேளையாக மோதவில்லை. அவர் முறையாக இண்டிகேட்டர் போட்டுத்தான் வந்திருக்கிறார். அது இண்டிகேட்டர் என்பது எனக்குத்தான் விளங்கவில்லை.

மறுநாள் அலுவலக வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தால், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு மஞ்சள், மற்றதற்குச் சிவப்பு. இது சட்டப்படி சரிதானா? சரியென்றால் இத்தனை பெரிய கார் நாடு இதை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறது? என் காரிலும் பின்னால் சிவப்புதான். அதை மஞ்சளாக மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில் 1: மிச்சிகன்வாசி

சட்டப்படி சரிதான். இங்கே வண்டி விளக்குகளை ஆள்வது கூட்டரசு மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 108. முன்பக்க இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்தத் தரம், பின்பக்கத்துக்குச் சிவப்பு, ஆம்பர் இரண்டில் எதையும் தயாரிப்பாளர் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. (நாம் மஞ்சள் என்று சொல்வதைத்தான் சட்டங்கள் ஆம்பர் என்கின்றன, மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட நிறம்.) கனடாவிலும் இதே நிலைதான். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102ஆவது விதி ஆம்பர் என்றே வரையறுத்து, நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பாவும் அதன் விதிகளைப் பின்பற்றும் நாடுகளும் ஐ.நா. வாகன ஒழுங்குமுறைகளின்படி ஆம்பரையே ஏற்கின்றன. 1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. அதில் அமெரிக்கா சேரவில்லை.

ஐரோப்பாவில் சிவப்பு இருந்ததே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 1965 செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் ஓடத் தொடங்கிய வண்டிகள் இன்றும் பின்னால் சிவப்பு இண்டிகேட்டருடன் ஓடலாம். அவர்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள், அமெரிக்கர்கள் பாதியளவே கைவிட்டார்கள் என்பதே வேறுபாடு. ஏனென்றால் இங்கே முன்பக்க இண்டிகேட்டரும் ஒரு காலத்தில் வெள்ளையாகத்தான் இருந்தது. முகப்பு விளக்கின் வெள்ளை ஒளிக்கு நடுவே அது தனித்துத் தெரியாததால், 1963 மாடல் ஆண்டிலிருந்து ஆம்பருக்கு மாறினார்கள். வெள்ளைக்கு நடுவே வெள்ளை தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள், சிவப்புக்கு நடுவே சிவப்பு தெரியும் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 1990களில் செய்த சோதனையில், இண்டிகேட்டர் ஆம்பராக இருக்கும்போது பின்னால் வருபவர் பிரேக் விளக்கை விரைவாகக் கவனிக்கிறார் என்று தெரிந்தது. பின்னர் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சா, ஒரே மாடல் கார் ஓர் ஆண்டில் சிவப்பிலிருந்து ஆம்பருக்கோ ஆம்பரிலிருந்து சிவப்புக்கோ மாறிய இடங்களைத் தேடிப்பிடித்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை ஒப்பிட்டது. திரும்பும்போதோ தடம் மாறும்போதோ பின்னாலிருந்து இடிபடும் இரு வாகன விபத்துகளில் ஆம்பர் சுமார் 5.3 விழுக்காட்டைக் குறைக்கிறது என்று 2009இல் வெளியான அறிக்கை கூறியது. கண்ணாடிக்கு மேலோ கீழோ நடுவில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கை 1986 மாடல் ஆண்டிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கினார்களே, அதன் நீண்டகாலப் பலன் பின்மோதல்களில் 4.3 விழுக்காடு என்றே அதே அமைப்பு கணக்கிட்டது. இரண்டும் ஒரே வகை விபத்தைப் பற்றிய கணக்குகள் அல்ல என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆயினும் புறக்கணிக்கத்தக்க எண் இல்லை. 2015 டிசம்பரில் புதிய கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரங்கள் தரும் மதிப்பீட்டுத் திட்டத்தில் ஆம்பருக்குத் தனி மதிப்பு தரலாம் என்று யோசனையும் வெளியிட்டார்கள். கட்டாயமாக்கவில்லை.

பதில் 2: நியூஜெர்சி பட்டறைக்காரர்

மேலே உள்ளவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் இருபது ஆண்டுகளாகப் பின்விளக்கைக் கழற்றி மாட்டுபவன் என்ற முறையில் வயர் பக்கத்தைச் சொல்கிறேன்.

பழைய அமெரிக்கக் காரின் பின்விளக்கைத் திறந்தால் உள்ளே ஒரே பல்பு இருக்கும், அதற்குள் இரண்டு இழைகள். மெல்லிய இழை இரவில் எரியும் பின்விளக்கு. தடித்த இழைக்கு இரண்டு வேலைகள்: பிரேக்கும் அதுவே, இண்டிகேட்டரும் அதுவே. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்சை இடப்பக்கம் தள்ளினால், இடது தடித்த இழைக்குப் பிரேக்கிலிருந்து வரும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, விளக்கை விட்டுவிட்டு மின்னவைக்கும் ஃபிளாஷரிலிருந்து வரும் மின்சாரம் அதற்குப் பாயும். ஆகவே பிரேக்கை மிதித்தபடி இடப்பக்கம் திரும்பும் காரில் வலது விளக்கு நிலையாக எரியும், இடது விளக்கு மின்னும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அது புரியும். உங்களுக்கு நேர்ந்ததுபோல் ஒன்று மறைந்துவிட்டால், எரிவது பிரேக்கா இண்டிகேட்டரா என்று அறிய அடுத்த மின்னல்வரை காத்திருக்க வேண்டும். அந்த அரை நொடியில் நெடுஞ்சாலை வேகத்தில் கார் பதினைந்து மீட்டர் போய்விடும்.

தயாரிப்பாளருக்கு இதில் லாபம் வெளிப்படை: பக்கத்துக்கு ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், ஒரு வயர் மிச்சம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. படகையோ சரக்கையோ இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவற்றின் இணைப்பில் நான்கே வயர்கள்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலது பிரேக்கும் இண்டிகேட்டரும். தனி ஆம்பர் இண்டிகேட்டர் உள்ள காரில் இந்த டிரெய்லரை மாட்ட வந்தால், இரண்டு சைகைகளையும் ஒன்றாக்கித் தரும் சிறிய மாற்றிப் பெட்டி ஒன்றை நாங்கள் பொருத்தித் தர வேண்டியிருக்கிறது. டிரெய்லர் இழுப்பதற்கென்றே வாங்கப்படும் பிக்கப்புகளில் சிவப்பு நீடிப்பதற்கு இந்த நான்கு வயர்களும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் ஆம்பரோடு விற்கும் கார் இங்கே சிவப்போடு வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தரம் 108 இண்டிகேட்டரின் ஒளிரும் பரப்பு குறைந்தது 50 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய விளக்கில் ஆம்பருக்கு ஒதுக்கிய மெல்லிய பட்டை அந்த அளவை எட்டாவிட்டால், புது விளக்கை வார்ப்பதைவிட, பெரிதாக இருக்கும் சிவப்புப் பிரேக் பகுதியையே மின்னவைப்பது அவர்களுக்கு எளிது.

பதில் 3: சியோல் தமிழர்

கொரியாவிலும் இண்டிகேட்டருக்குச் சிவப்பு கிடையாது. ஆனால் 2012இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி, அமெரிக்கத் தரத்துக்கு ஏற்பச் செய்த கார்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 25,000 வரை அப்படியே கொண்டுவந்து விற்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். 2018இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 50,000 ஆனது. அதனால் மற்ற எல்லாக் கார்களும் மஞ்சளில் மின்னும் சாலையில் திடீரென்று ஒன்று சிவப்பில் மின்னும். ஓஹையோவிலாவது எல்லோரும் சிவப்பை எதிர்பார்த்து ஓட்டுகிறார்கள். இங்கே அதுவும் இல்லை.

பதில் 4: டெக்ஸாஸ் பழங்கார் பிரியர்

சிவப்பை இத்தனை கடுமையாகச் சாட வேண்டாம் என்று தோன்றுகிறது. 1965ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டில் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மூன்று படிகளில் வரிசையாக எரியும் சிவப்பு இண்டிகேட்டரைப் பார்த்தவர், அது எந்தப் பக்கம் போகிறது என்று குழம்பவே மாட்டார். இன்றைய மஸ்டாங்கிலும் அதே முறை இருக்கிறது. நிறத்தைவிட, இண்டிகேட்டரும் பிரேக்கும் ஒரே விளக்கில் இருப்பதுதான் பெரிய குறை. பிரேக்கிலிருந்து விலகித் தனி இடத்தில் எரியும் சிவப்பு இண்டிகேட்டர் அவ்வளவு மோசமில்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பும் மஸ்டாங்கில் அந்த வரிசை ஆம்பரில் ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்க்க எனக்கு அத்தனை பிடிக்கவில்லை.

மறுபதில்: ஓஹையோ புதியவர்

அனைவருக்கும் நன்றி. டெக்ஸாஸ் நண்பர் சொல்வதில் நியாயம் இருந்தாலும், வேனுக்குப் பின்னால் மறைந்த மஸ்டாங்கின் வரிசையில் ஒரு படி மட்டும் எனக்குத் தெரிந்திருந்தால் அதுவும் பிரேக்காகத்தான் தெரிந்திருக்கும். பட்டறைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும்: என் காரில் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஆம்பர் எல்இடி பல்பைப் போட்டால் போதுமா?

பதில் 5: நியூஜெர்சி பட்டறைக்காரர்

போதாது. சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டுமே வெளியே விடும். ஆம்பர் பல்பைப் போட்டால் மங்கலான சிவப்புதான் கிடைக்கும். அதோடு, உங்கள் காரில் அந்தப் பல்பே பிரேக் விளக்காகவும் இருந்தால், பிரேக்கும் மங்கிவிடும். எல்இடி மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுப்பதால், பல்பு போய்விட்டது என்று நினைத்து ஃபிளாஷர் இரட்டை வேகத்தில் அடிக்கவும் தொடங்கலாம்.

ஐரோப்பிய விளக்கை முழுதாக வரவழைத்து மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது பக்கவாட்டு. அமெரிக்கக் காரின் பின் மூலையில் பக்கவாட்டைப் பார்த்து எரியும் ஒரு சிறு சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய விளக்குகள் பலவற்றில் அவை இல்லை. ஒரு குறையைத் தீர்க்கப் போய் வேறொன்றை இழப்பீர்கள். அடுத்த கார் வாங்கும்போது, விற்பவரை உள்ளே உட்காரச் சொல்லி, பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டரைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று ஒரு பக்க விளக்கை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள். என் மகளுக்குக் கார் பார்த்தபோது நான் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது காரில் மஞ்சள் கிடைத்தது.